கதிரை நானாவும் வெள்ளிக்கிழமைப் பழுதும்

உத்தரவாத அட்டையின் ஐந்தாம் பிரிவில் ஐயத்துக்கு இடமே இல்லை. பழுது அவதானிக்கப்பட்ட நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பாவனையாளர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்துப் பதினான்கு வேலை நாட்களுக்குள் கம்பனி பதில் தர வேண்டும். வாழ்நாள் முழுவதும் அரசாங்கக் காரியாலயங்களில் இப்படிப்பட்ட வசனங்களை எழுதியும், மற்றவர்கள் எழுதியதைக் காட்டி ஆட்களை ஓட ஓட விரட்டியும் ஓய்வூதியம் பெற்றவன் நான். பழுது தெரிந்த நாலாம் நாளே பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பிரதியைக் கோப்பில் வைத்தேன். கோப்புக்கு இலக்கமும் இட்டேன்.

கம்பனி தன் கடமையைச் செய்திருந்தால் கதிரை நானாவை நான் வீட்டுக்கு அழைத்திருக்க மாட்டேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை போகும் வீதியில் அவரைப் போல ஒரு மெக்கானிக் இதுவரை இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. உலகத்து மெக்கானிக்குகள் எல்லாரும் வந்தவுடன் ஆணியைக் கழற்றுவார்கள். இவர் கதிரையைப் போட்டு உட்காருவார்.

சிவப்பு பிளாஸ்ரிக் கதிரை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வழியில் மறித்துக் கதிரை என்ன விலை என்று கேட்பதுண்டு. "இது விக்கிறதுக்கில்லை தம்பி, தொழில் சாமான்" என்பார். ஸ்பனர், திருப்புளி எல்லாம் ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் கிடக்கும். அந்தப் பேணியின் மூடி துருப்பிடித்து இறுகிப்போய் எத்தனையோ வருடம்.

"பிழையைக் கண்ணால காணாமல் கை வைக்கிறவன் மெக்கானிக் இல்லை சேர், கள்ளன்" என்பது அவருடைய கொள்கை. இயந்திரம் எப்போது பிழை விடுகிறதோ அந்தக் கணத்தைக் காணும்வரை முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு மணித்தியாலமோ மூன்று நாளோ அவருக்கு ஒன்றுதான். சாப்பாட்டைக் கதிரைக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒரு கண்ணை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே மீன் முள் எடுப்பார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இவர் முல்லைத்தீவில் பிறந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கிழமை நாட்களில் எங்கள் தர்மபுரம் சந்தியில் ஒரு சின்னக் கடையில் தொழிலும் படுக்கையும். வியாழன் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு முல்லைத்தீவில் குடும்பத்திடம் போய்விடுவார். வெள்ளி தொழுகையும் வீட்டுச் சாப்பாடும் முடித்துச் சனி விடியத்தான் திரும்புவார். வெள்ளிக்கிழமையில் எவர் வீட்டு மோட்டர் எரிந்தாலும் அவருக்கு அது சனிக்கிழமைச் செய்தி.

அவருடைய முதல் வெற்றி உடையார்கட்டில் ஒரு நெல் ஆலை. தினமும் காலை பத்து மணிக்கு மில் தானாகவே நின்றுவிடும். மூன்று மெக்கானிக்குகள் மூன்று முறை மோட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள், மூன்று முறையும் பூட்டிய பிறகு சில ஆணிகள் மிஞ்சின. நானா போய்க் கதிரையைப் போட்டார். இரண்டாம் நாள் பத்து மணிக்கு முதலாளியின் செல்ல ஆடு வெயிலுக்கு உள்ளே வந்தது. முதுகு அரித்தது போலும், சுவரோரமாக இருந்த சுவிச்சுப் பெட்டியில் இரண்டு முறை உரஞ்சியது. மில் நின்றது.

"முதலாளி, ஆட்டுக்கு ஒரு தடி நட்டுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையைத் தூக்கினார்.

என் காரியாலயத்துக்கும் ஒருமுறை வந்தார். நான் அப்போது சேவையில் இருந்தேன். எங்கள் போட்டோப் பிரதி இயந்திரம் பின்னேரங்களில் எடுக்கும் பிரதிகளில் எல்லாம் மஞ்சள் கறை விழுந்தது. நானா அதற்கு முன்னால் ஒரு முழு நாள் இருந்தார். அன்று எங்கள் காரியாலயத்தில் நடந்த வேலை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. ஒரு மனிதன் கதிரையில் இருந்து கண் இமைக்காமல் பார்க்கிறான் என்றால் கணக்காய்வாளரே வந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வழக்கமாகப் பதினொரு மணிக்குக் காணாமல் போகும் இரண்டு எழுதுவினைஞர்கள் நாலரை வரை மேசையில் இருந்தார்கள். கடைசியில், சிற்றூழியர் தன் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைச் சூடு ஆறாமல் இருக்க இயந்திரத்தின் கண்ணாடி மூடிக்குக் கீழே வைக்கிறார் என்பது பிடிபட்டது. பருப்புக் கறி. "இவரை நிரந்தரமாக்க ஏதாவது சுற்றறிக்கை இருக்கா?" என்று என் மேலதிகாரி இரகசியமாகக் கேட்டார். தேடிப் பார்த்தேன். இல்லை.

கனகராயன்குளத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டர் மட்டும் அவரை வென்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஓடும். எழுந்து போனால் நிற்கும். மூன்று நாள் இந்த இழுபறி நடந்தது. நாலாம் நாள் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "நானா, நீங்கள் போங்கோ. கதிரையை மட்டும் விட்டிட்டுப் போங்கோ." நானாவும் விட்டுவிட்டு வந்து வேறு கதிரை வாங்கினார். வெறுங்கதிரைக்குப் பயந்து அந்த மோட்டர் இன்றும் ஓடுகிறது என்று கேள்வி.

இப்படிப்பட்டவரிடம் நான் போனதற்குக் காரணம் புல்.

வன்னியில் முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் விளக்குமாறு இல்லை என்று அர்த்தம். முற்றம் என்றால் விடியக் கூட்டி, கூட்டிய கோடு தெரிய வெறும் மணலாகக் கிடக்க வேண்டும். பாம்பு வந்தால் தெரியும். என் மனைவிக்கும் அது தெரியாததல்ல. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள், இந்தச் சந்தியில் பாதிப் பேருக்கு அவள் ரீச்சர். ஆனால் போர் முடிந்து மீள்குடியேறி வந்த அன்று எங்கள் காணியில் ஒரு பச்சை இலை இல்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இனி நான் வெறும் மண்ணைப் பாக்கமாட்டன்" என்றாள். அவ்வளவுதான். ஊன்றுபுல் கொண்டுவந்து விரற்கடை விரற்கடையாக நட்டாள். "ரீச்சர், மாடு வாங்கப் போறியளோ?" என்று ஊரே கேட்டது. "மாடு வந்தால் காலை முறிப்பன்" என்றாள். ஐந்தாறு வருடத்தில் வீட்டுக்கு முன்னால் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு வலது கண்ணில் வெண்புரை விழுந்தது. சத்திர சிகிச்சைக்கு யாழ்ப்பாணத்தில் ஆடி மாதம் ஒரு நாள் குறித்தார்கள். போகவில்லை. சிகிச்சைக்குப் பிறகு இரண்டு கிழமை அங்கேயே தங்கி மருந்து விட வேண்டும், அதுவரை புல்லுக்கு யார் தண்ணீர் விடுவது? எங்கள் பக்கத்து ஆடி ஆவணி வெயிலுக்கும் காற்றுக்கும் மூன்று நாள் ஈரம் இல்லாவிட்டால் புல் வைக்கோல்.

"கண்ணை விடப் புல்லோ பெரிசு?" என்று கேட்டேன்.

"புல்லைச் சாக விட்டிட்டுக் கண்ணைத் திறந்து நான் என்னத்தைப் பாக்கிறது?" என்றாள். கணக்கு ரீச்சரிடம் எதிர்க்கேள்வி கேட்பதற்கு நான் சேவையில் இருந்த காலத்திலும் துணிந்ததில்லை.

மருத்துவர் இன்னொரு நாள் தந்தார், ஆவணி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. இதற்கு மேல் பிந்தினால் தான் பொறுப்பல்ல என்றும் சொன்னார். ஆகவே மகன் கொழும்பிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஒரு ஸ்பிறிங்ளரும், குழாயில் பூட்டும் ரைமரும் வாங்கி அனுப்பினான். கையளவு பெட்டி. நாலு பற்றரி. காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் தானே திறந்து, இருபது நிமிடம் தண்ணீர் விட்டு, தானே மூடும். முகப்பில் ஒரு சின்னத் திரை. அதற்குக் கீழே உருண்டையாக ஒற்றைப் பொத்தான். மற்றப் பொத்தான்கள் எல்லாம் பக்கவாட்டில். கையேடு சீன மொழியில் இருந்தது. படங்களைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். படம் எந்த மொழிக்கும் பொது.

முதல் நாலு நாள் ஒழுங்காக வேலை செய்தது. வெள்ளி பின்னேரம் வரவில்லை. சனி இல்லை. ஞாயிறு இல்லை. திங்கள் பின்னேரம் ஒன்றும் நடவாதது போல் சுற்றிச் சுற்றி அடித்தது.

நான் உடனே பதிவேடு திறந்தேன். திகதி, நேரம், நடந்தது, நடக்காதது, அவதானிப்பு என்று ஐந்து நிரல். இரண்டாவது வெள்ளியும் அதே கதை, மூன்றாவதும் அதே கதை. பற்றரியை மாற்றினேன். குழாய் வடிகட்டியைக் கழுவினேன். தாங்கியில் தண்ணீர் மட்டம் அளந்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். கருவி வேலை நிறுத்தம் செய்யும் நாட்களில் திரையின் மூலையில் ஒரு சின்ன முகில் தெரிந்தது. அது வானிலை அறிவிப்பு என்று உடனே விளங்கிக்கொண்டேன். ஆவணி மாதத்து வெயிலில் முகில் காட்டும் கருவியின் நம்பகத்தன்மை குறித்துக் கம்பனிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். மொத்தம் பதினொரு கடிதம். எல்லாம் பதிவுத் தபால்.

சிகிச்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது மனைவி அறிவித்தாள். "பிழை பிடிபட்டால் பஸ் ஏறுவன். இல்லாட்டி ஏறமாட்டன். அந்த மனிசனைக் கூப்பிடுங்கோ."

சனி விடிய நானா வந்தார். கதிரையை அவிழ்த்து, குழாயிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் போட்டு இருந்தார். ஆறு மணி. தண்ணீர் வரவில்லை.

"பாத்தீங்களோ? இதுதான் பிழை" என்றேன்.

"இது பிழை இல்லை சேர். இது பிழை நடந்து முடிஞ்சு கிடக்கிறது. நிண்டதைப் பாத்து என்ன செய்யிறது? நிக்கேக்க பாக்கவேணும்."

பதிவேட்டைக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி, ஒரு பக்கம் திருப்பி, மடியில் வைத்துக்கொண்டார். வெயிலுக்கு அது விசிறியாகப் பயன்பட்டது.

"சேர், இந்த மூலையில கிடக்கிற முகில் என்ன?"

"வானிலை அறிவிப்பு."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு முகில் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "படிச்ச ஆள் சொல்லுறீங்கள்" என்று சொல்லிவிட்டு மீண்டும் குழாயைப் பார்த்தார்.

ஞாயிறும் இருந்தார். திங்கள் காலை ஏழு மணியளவில் "சேர், முகில் போயிட்டுது!" என்று கத்தினார். "காலநிலை சீராகிறது" என்று நான் பதிவேட்டில் எழுதினேன். அன்று பின்னேரம் தண்ணீர் அடித்தது. செவ்வாய் அடித்தது. புதன் அடித்தது. மனைவி குசினியிலிருந்து அவருக்கு மூன்று நேரமும் தட்டுக் கொண்டுபோனாள். பார்வை குறைந்த பக்கத்தில் கதிரைக் கால் தடக்கி ஒருமுறை விழப்போனாள். நானா தட்டைப் பிடித்தார், பிறகு அவளையும் பிடித்தார். அன்றிலிருந்து தட்டை வாங்க அவரே குசினி வாசலுக்கு எழுந்து போனார். ஒரு வேலையின் நடுவில் கதிரையை விட்டு அவர் எழுந்ததாக வேறு எந்த வீட்டிலும் செய்தி இல்லை.

வியாழன் பின்னேரம் முடிவு சொன்னார். "திங்கள் பின்னேரம் வேலைக்கு வருது. வெள்ளி பின்னேரம் நிக்குது. சனி, ஞாயிறு லீவு. திங்கள் காலமை பிந்தித்தான் வரும். சேர், இது முந்தி அரசாங்கக் கச்சேரியில வேலை செய்ததோ?"

இந்த வகைப் பகிடிகளுக்கு நான் சேவைக் காலத்திலேயே செவிசாய்த்ததில்லை.

"பிழை நடக்கிறது வெள்ளி" என்றார். "நான் இல்லாத நாள். அடுத்த கிழமை..."

"அடுத்த கிழமை இல்லை நானா" என்றேன். "நாளைக்குப் பின்னேரம் நாங்கள் யாழ்ப்பாணம் போகவேணும். சனி விடிய ஒப்பரேசன்."

"வெள்ளி நான் வீட்டை நிக்கவேணும் சேர். மனிசி பாத்துக்கொண்டிருப்பா. பேரப்பிள்ளையள் வாசல்ல நிப்பினம்."

விடுமுறை என்பது உரிமை, அதை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மனைவி வாசற்படியில் நின்றபடி சொன்னாள்: "பரவாயில்லை நானா. போயிட்டு வாங்கோ. ஒரு கண் இருக்குத்தானே."

அதில் ஒரு துளி மனத்தாங்கலும் இல்லை. அதுதான் அவரை வெட்டியது என்று நினைக்கிறேன். அவர் கதிரையைக் கட்டிக்கொண்டு போனார்.

வெள்ளி விடிய ஐந்தரைக்கு முற்றத்தில் கதிரை இருந்தது. நானாவும் இருந்தார்.

ஆறு மணிக்குத் தண்ணீர் அடித்தது. ஆறு இருபதுக்கு ஒழுங்காக நின்றது. எல்லாம் சரி. நான் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு திருநீறு பூசி, சாமிப் படங்களுக்குப் பூ வைத்து விளக்கேற்றினேன். வெள்ளிக்கிழமையில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சந்தனக் கிண்ணத்தோடு புறப்பட்டு, வீட்டில் நமக்காக உழைப்பவற்றுக்கெல்லாம் ஒரு பொட்டு வைத்து வருவேன். வாசல் நிலை, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், தண்ணீர் மோட்டர். ஆயுத பூசைக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு வருடம் முழுவதும் வேலை வாங்குவது நன்றி கெட்ட செயல் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ரைமர். அதன் முகப்பில் அந்த உருண்டைப் பொத்தான் நடு நெற்றி போலவே இருக்கும். சைவ வீட்டில் பிறந்த எவனுக்கும் அங்கேதான் கை போகும். சந்தனத்தைத் தொட்டு, மோதிர விரலால் நன்றாக அழுத்தி வைத்தேன்.

"டிக்" என்றது.

அந்தச் சத்தத்தை நாலு வெள்ளியாக நான் கேட்டிருக்கிறேன். ஆசீர்வாதத்தை ஏற்றுக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன்.

"சேர்" என்றார் நானா, மிக மெதுவாக. "இன்னொருக்காச் செய்யுங்கோ."

"என்னத்தை?"

"பொட்டை."

மீண்டும் வைத்தேன். டிக். திரையின் மூலையிலிருந்த முகில் மறைந்தது. "இன்னொருக்கா" என்றார். டிக். முகில் வந்தது. அடுத்ததற்கு அவர் கேட்கவில்லை, நானே அழுத்தினேன். முகில் போனது. மழைக் காலத்தில் கருவியை மூன்று நாளைக்கு ஓய்வில் வைக்கும் பொத்தான் அது. ஐந்து நிரல் போட்ட பதிவேட்டில் எனக்கு 'நான் செய்தது' என்று ஆறாவது நிரல் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு நானா கேட்டார்.

"கம்பனிக்கு எத்தினை கடிதம் போட்டனீங்கள்?"

"பதினொண்டு."

"பதிவுத் தபாலோ?"

"ஓம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்ன நானா, பிடிபட்டுதோ?"

நான் அவரைப் பார்த்தேன். முப்பது வருடம் ஆட்களை என் மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்தவன் நான். கதிரையில் இருக்கும் ஒருவருக்கு முன்னால், ஈர வேட்டியோடு, சந்தனக் கிண்ணத்தோடு நிற்பது எப்படி என்று அன்றுதான் அறிந்தேன்.

"பிடிபட்டுது ரீச்சர்" என்றார் நானா. "மெசின்ல பிழை இல்லை. வெளிய இருந்து ஒண்டு வந்து தட்டுது. வெள்ளிக்கு வெள்ளி வரும்."

"எலியோ?"

"எலியை விடக் கொஞ்சம் பெரிசு ரீச்சர். படிச்சது."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. "படிச்சதெண்டால் பிடிக்கிறது கஷ்டம்தான்" என்றாள் என் மனைவி. பிறகு அகப்பை மீண்டும் ஓடியது.

கதிரையைக் கட்டும்போது நான் தணிந்த குரலில் சொன்னேன். "இனிப் பொட்டு வைக்கமாட்டன் நானா."

"அதை ஏன் நிப்பாட்டுறியள்?" என்றார், உண்மையாகவே மனம் நொந்தவர் போல. "வைக்கிறது வையுங்கோ. ஒரு அங்குலம் மேல வையுங்கோ. திரைக்கு மேல வெறும் நெத்தி கிடக்கு."

மனைவி பஸ் ஏறினாள். சனி காலை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஞாயிறு காலை கட்டவிழ்த்தார்கள். மருத்துவர் அவளுக்குச் சொன்ன விதிகள்: இரண்டு கிழமைக்குத் தூசு படக்கூடாது, குனியக்கூடாது, பஸ் பயணம் கூடாது, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. நாங்கள் தங்கியிருந்தது அவளுடைய தங்கை வீட்டில்.

ஞாயிறு பின்னேரம் அவள் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"நாளைக்கு முதல் பஸ். புல்லைப் பாக்கவேணும்."

"தண்ணி ஒழுங்காத்தான் போகும். மெசின்ல பிழை இல்லை எண்டு நானா சொன்னவரெல்லோ?"

"நீங்கள் பதினொரு கடிதத்திலயும் மெசின் பிழை எண்டெல்லோ எழுதினனீங்கள்? அரசாங்கத்தில இவ்வளவு காலம் வேலை செய்த மனிசன் பதினொரு தரம் பொய் எழுதுவாரோ?"

சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். வேறு வழி இருக்கவில்லை. "நான்தான் அழுத்தினனான்" என்றேன். "பொட்டு வைக்கேக்க. ஒவ்வொரு வெள்ளியும். இப்ப நான் இஞ்ச இருக்கிறன். அழுத்த அங்க ஆள் இல்லை."

என் வாழ்நாளில் நான் கொடுத்த ஒரேயொரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம் அது. அவள் சேலையை மடித்தபடியே இருந்தாள்.

"அது எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது" என்றாள். "வீட்டில படிச்சது வேறை ஆர் இருக்கினம்? ஆனா நீங்கள் கணக்குப் பாத்துச் சொல்லுறியள். நான் அதை நம்பிப் புல்லைச் சாக விடமாட்டன். பாத்த ஆள் சொல்லட்டும்."

பாத்த ஆளுக்கு நான் வெள்ளி பின்னேரமே செய்தி அனுப்பியிருந்தேன்: "நானா, தண்ணீர் வந்ததா? உடன் அறியத் தரவும்." பதில் இல்லை. சனி ஒரு நினைவூட்டல். பதில் இல்லை. ஞாயிறு இரண்டாவது நினைவூட்டல். அவர் முல்லைத்தீவில் பேரப்பிள்ளைகளோடு இருப்பார், புல் அவருக்கு என்ன, என்று நினைத்துக்கொண்டேன். பாவம், வியாழன் இரவு எங்களுக்காக அவர் போகவில்லை, வெள்ளி காலையாவது போய்ச் சேர்ந்திருக்கட்டும். ஆனால் பை அடுக்கப்பட்டுவிட்டது. சொட்டு மருந்துக்கு முகத்தை நிமிர்த்தச் சொன்னால் "பஸ்ஸுக்கு நேரம் என்ன?" என்று கேட்டாள். மருத்துவரின் ஒவ்வொரு விதியும் ஒரே நாளில் உடையப்போகிறது, அதைத் தடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே மனிதர் பதில் போடவில்லை.

விடிந்தது. அவள் செருப்புப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தாள். தங்கை ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். அப்போது என் தொலைபேசி அடித்து நின்றது. குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. அழுத்தி, அவளுடைய காதில் பிடித்தேன். சத்தம் எனக்கும் கேட்டது.

"ரீச்சர், நான் நானா. சேர் மூண்டு நாளாக் கேட்டவர். பாக்காமல் சொல்லப்பிடாது எண்டுதான் மினக்கெட்டனான். நான் ஊருக்குப் போகேல்லை ரீச்சர். தொழுகைக்குக் கிளிநொச்சிப் பள்ளிக்குப் போட்டு ஓடி வந்திட்டன். வீட்டில மனிசி கதைக்கிறாவில்லை, அது பரவாயில்லை, நான் சமாளிப்பன். வெள்ளி பின்னேரம் அடிச்சுது. சனி ரெண்டு நேரமும் அடிச்சுது. ஞாயிறு அடிச்சுது. திங்கள் காலமைதான் அது கடைசியா நிக்கிற நேரம், அதையும் பாத்திட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான். இப்ப அடிக்குது. கேளுங்கோ."

பிறகு பேச்சு இல்லை. சுற்றிச் சுற்றிப் புல்லில் விழும் தண்ணீரின் சத்தம் மட்டும். அவர் தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும், அது முடியும்வரை எங்கள் இருவருக்கும் அசையத் தோன்றவில்லை.

மனைவி செருப்பைக் கழற்றி வைத்தாள். கதிரையில் சாய்ந்து, முகத்தை நிமிர்த்தி, "மருந்தை விடுங்கோ" என்றாள்.

கம்பனியின் பதில் இதை எழுதும்வரை வரவில்லை. கோப்பை நான் மூடிவிட்டேன். கடைசித் தாளில் இப்படிக் குறித்திருக்கிறேன்: பதில் கிடைத்தது, ஆவணி மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஏழு நிமிடம்.